குறட்டை என்று நினைத்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் உள்பக்கம் ஒன்றில், பூட்டிய அறைக்குள் இறந்து கிடந்த இளைஞர் ஒருவரைப் பற்றி ஆறு வரிச் செய்தி வெளியாகியிருந்தது. போதைப் பழக்கத்துக்கு ஆளானவர் என்றும், சிகிச்சை முடிந்து அண்மையில்தான் வீடு திரும்பியிருந்தார் என்றும், போலீசார் விசாரித்து வருகிறார்கள் என்றும் அதில் இருந்தது. அதற்கு மேலே, பக்கத்தின் பாதியை அடைத்தபடி, பிடிபட்ட பொட்டலங்களை மேசையில் பரப்பி எடுத்த படம். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அந்த ஆறு வரிகளில் 'அண்மையில்தான்' என்ற சொல்லின் மேல் கண் நின்றவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். நான் அவர்களில் ஒருத்தி. என் தம்பியும் சிகிச்சை முடிந்து வீடு வந்த பதினோராம் நாள்தான் இறந்தான். ஆகவே அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வயது 31. வேலையிடத்தில் சாரத்திலிருந்து தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். வலிக்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரைகளை, எலும்பு கூடிய பிறகும் அவனால் நிறுத்த முடியவில்லை. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. ஒரு மருத்துவர் மறுத்தால் இன்னொருவரிடம் போனான். எல்லோரும் மறுத்தபோது மாத்திரையின் இடத்துக்குப் பொடி வந்தது. கெட்ட சகவாசம், துணிச்சல், கேளிக்கை என்று போதைப் பழக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எதுவும் அவன் வாழ்க்கையில் இல்லை. அப்படித் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் மருந்து அட்டையிலிருந்தும் இது தொடங்கும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்று பெயரைக் கேட்டாலே அஞ்சுகிற ஹெராயின், 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தால் இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. அபினிலிருந்து எடுக்கப்படும் வலிநிவாரணியான மார்ஃபினைப் போலப் பழக்கத்தை உண்டாக்காது என்று அன்று நம்பிச் சொன்னார்கள். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகு, 1996இல், ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணி அமெரிக்காவில் சந்தைக்கு வந்தபோதும் அதே உறுதிமொழி வேறு சொற்களில் தரப்பட்டது. அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் மாத்திரையில் தொடங்கியவர்களில் பலர் ஹெராயினுக்கும், அதிலிருந்து ஃபென்டனிலுக்கும் போய்விட்டிருந்தார்கள். செயற்கையாகத் தயாரிக்கப்படும் வலிநிவாரணியான ஃபென்டனில், மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. 2021இல் அந்த ஒரு நாட்டில் மட்டும் ஒரே ஆண்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அளவுக்கு மீறிய போதையால் இறந்தார்கள். அவர்களுக்கும் என் தம்பிக்கும் இடையே கடல்கள் இருக்கலாம். தலைமாட்டில் இருந்த மருந்து அட்டை ஒன்றுதான்.

"விட வேண்டும் என்று நினைத்தால் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று நாங்கள் அவனிடம் கேட்காத நாள் இல்லை. "நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்" என்று அவன் சொல்லாத நாளும் இல்லை. அவன் பொய் சொல்கிறான் என்று நாங்கள் எண்ணினோம். இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒரே அறியாமையில்தான் பேசியிருக்கிறோம். அவன் எடுத்த மாத்திரையும் பொடியும் போன்ற, அபின் வகையைச் சேர்ந்த பொருள்கள் நாள்தோறும் உள்ளே போகும்போது, மூளை அவற்றை எதிர்பார்த்துத் தன் வேலை முறையையே மாற்றிக்கொள்கிறது. முதலில் சுகத்துக்காக எடுத்தவன், பின்னால் சாதாரணமாக எழுந்து நிற்பதற்காகவே எடுக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்டிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் திமிறிக்கொண்டு எழுகிறது. அவன் தானாகவே ஒருமுறை நிறுத்திப் பார்த்தபோது மூன்று இரவுகள் குளியலறைத் தரையில், கன்னத்தைக் குளிர்ந்த ஓட்டில் வைத்தபடியே கிடந்தான். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டே இருந்தன. உடம்பு முழுவதும் புல்லரித்திருந்தது. கால்கள் அவன் சொல் கேளாமல் உதைத்துக்கொண்டிருந்தன. நான்காம் நாள் காலையில் வெளியே போனான். அரைமணி நேரத்தில் தெளிவாகத் திரும்பி வந்தான். அந்தத் தெளிவைப் பார்த்து நான் அவனை அடித்தேன். இன்றைக்கும் என் கைக்கு அது நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அபின் வகைப் பொருள்களை நிறுத்தும்போது படும் பாடு கொடியது என்றாலும், வாந்தியாலும் பேதியாலும் உடலில் நீர் வற்றிப்போகாமல் பார்த்துக்கொண்டால் அது உயிரைக் கொண்டுபோவது அரிது. மதுவும் சில வகைத் தூக்க மாத்திரைகளும் அப்படியல்ல. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கமும் சித்தக் கலக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்து, மருத்துவம் கிடைக்காவிட்டால் சாவில் முடியலாம். திருத்துகிறோம் என்று சொல்லி அறையில் போட்டுப் பூட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. அது கண்டிப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பூட்டு ஆளைக் கொல்லும் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

என் தம்பியைச் சிகிச்சை மையம் ஒன்றில் சேர்த்தோம். மூன்று மாதங்கள் இருந்தான். மையத்தின் பெயரை எழுத நான் விரும்பவில்லை. அங்கே இருந்தவர்கள் அன்பானவர்கள். திரும்பி வரும்போது ஆறு கிலோ எடை கூடியிருந்தான். முகத்தில் பழைய களை வந்திருந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். கையில் கொடுத்தனுப்பிய தாளில் நேரத்துக்கு உறங்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும், பழைய நண்பர்களைத் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தது. அவனை உயிரோடு வைத்திருக்கக்கூடிய ஒரு செய்தி மட்டும் அதில் இல்லை. இந்த மூன்று மாதங்களில் உடம்பு தன் பழைய தாங்குதிறனை இழந்துவிட்டது, முன்பு எடுத்த அளவை இப்போது ஒரே ஒரு முறை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடும் என்பதுதான் அந்தச் செய்தி.

தாங்குதிறன் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. அபின் வகைப் பொருள்கள் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தப்படுத்துகின்றன. இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது 'மூச்சை இழு' என்று தானாக எழ வேண்டிய தூண்டுதல் எழாமல் போகிறது. நாள்தோறும் எடுக்கிறவரின் உடம்பு இதற்கு மெல்ல மெல்லப் பழகிவிடுவதால், புதியவரைக் கொல்லக்கூடிய அளவை எடுத்தும் அவர் நடமாடுகிறார். நிறுத்திய சில வாரங்களில் அந்தப் பழக்கம் கரைந்துவிடுகிறது. ஆனால் மனத்தில் இருக்கும் அளவு பழைய அளவுதான். கை அதைத்தான் எடுக்கிறது.

இது ஊகமான பேச்சு அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் அளவுக்கு மீறிய போதையால் இறக்கும் ஆபத்து, பொதுமக்களுக்கு இருப்பதைப்போல 129 மடங்காக இருந்தது. போதை கிடைக்காத ஓரிடத்தில் சில காலம் இருந்துவிட்டு வெளியே வருகிறவர் யாராக இருந்தாலும், அது சிறையோ மருத்துவமனையோ மறுவாழ்வு மையமோ எதுவானாலும், உடம்பு நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். குடும்பம் பெருமூச்சு விட்டுக் கண்காணிப்பைத் தளர்த்துகிற அந்த நாட்கள்தாம் உள்ளதிலேயே ஆபத்தான நாட்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்கிறேன். இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஷெப்பர்ட் சீகலும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஹெராயினுக்குப் பழக்கப்படுத்திய எலிகளில் ஒரு பகுதிக்கு வழக்கமான இடத்திலும், மறு பகுதிக்குப் புதிய இடத்திலும் ஒரே பெரிய அளவைச் செலுத்தினார்கள். புதிய இடத்தில் பெற்றவை, வழக்கமான இடத்தில் பெற்றவற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இறந்தன. பழகிய இடத்தின் காட்சியும் வாசனையுமே உடம்பை முன்கூட்டித் தயார்ப்படுத்துகின்றன என்பதும், இடம் மாறும்போது அந்தத் தயாரிப்பு நிகழாமல் போகிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. என் தம்பி அதுவரை ஒருநாளும் எங்கள் வீட்டுக்குள் அதை எடுத்ததில்லை. எங்கள் மேல் அவனுக்கு இருந்த மரியாதை அது. அன்று முதன்முறையாகத் தன் அறையில் எடுத்தான்.

அந்த இரவைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதல்ல. ஆனால் என் கடிதத்தின் பயன் இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. பத்து மணிக்கு அவன் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. வழக்கமான குறட்டையாக இல்லை. தொண்டையில் நீர் தேங்கியதுபோல, இழுத்து இழுத்து, நடுவில் வெகுநேரம் நின்று, மறுபடி வந்தது. "பாவம், எத்தனை நாளைக்குப் பிறகு இப்படி அயர்ந்து தூங்குகிறான்" என்றாள் அம்மா. அவன் விழித்துவிடக் கூடாதென்று நான்தான் கதவை ஓசைப்படாமல் சாத்தினேன். நடுக்கூடத்து விளக்கையும் அணைத்தேன். பதினொன்றரைக்குச் சத்தம் நின்றது. புரண்டு படுத்திருப்பான் என்று நினைத்தோம்.

அது தூக்கத்தின் சத்தம் அல்ல, மூச்சு அடங்கிக்கொண்டிருந்த சத்தம் என்று பிறகு அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார். இத்தகைய சாவுகள் பல நொடியில் நேர்வதில்லை. சில நேரம் ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகிறது. அந்த நேரம் முழுவதும் வீட்டில் யாரோ ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார் என்றார் அவர். உரக்கக் கூப்பிட்டும், தோளைப் பிடித்து உலுக்கியும், நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் ஒருவர் எழவில்லையென்றால் அவர் உறங்கவில்லை. நலமாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அது பத்துக்கும் கீழே இறங்கியிருந்தாலும், உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்திருந்தாலும், கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தாலும் அந்தக் கணமே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் அல்லது மிக அரிதாக வருகிறதென்றால், மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழலில் புகாதபடி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தூங்கித் தெளியட்டும் என்று தனியே விட்டு வரவே கூடாது.

இதற்கு முறிமருந்தும் உண்டு. நலோக்சோன் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் 1971இலேயே பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. ஊசியாகவும், பல நாடுகளில் மூக்கில் பீய்ச்சும் வடிவிலும் கிடைக்கிறது. மூளையில் அபின் வகைப் பொருள் பற்றியிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்வதால், சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. அந்தப் பொருள் உடம்பில் இல்லாதவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் அதன் வேகம் 30 முதல் 90 நிமிடங்களில் குறைந்துவிடும். உள்ளே இருக்கும் போதை அதைவிட நீண்ட நேரம் நீடித்தால் மூச்சு மறுபடியும் அடங்கலாம் என்பதால், எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. இப்படி ஒரு மருந்து இருக்கிறது என்பதையே நான் அறிந்தது அவனுடைய காரியமெல்லாம் முடிந்த பிறகுதான்.

சிகிச்சை முடிந்தால் நோய் முடிந்தது என்ற எண்ணமும் எங்களை ஏமாற்றிய ஒன்று. அபின் வகையையே சேர்ந்தவை என்றாலும், அந்தப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய இரண்டு மருந்துகளும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவரின் மேற்பார்வையில் இவற்றை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடர்கிறவர்களிடையே சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று கேட்டு நாங்களே அந்த வழியை மறுத்துவிட்டோம். மருந்தில்லாமல் வெறும் மன உறுதியால் மீள்வதுதான் மானமுள்ள மீட்சி என்று எங்களுக்குத் தோன்றியது. சர்க்கரை நோயாளி ஒருவரிடம் இன்சுலினை நிறுத்திவிட்டு மன உறுதியைக் காட்டச் சொல்வோமா என்று அந்த மருத்துவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நீண்ட நாள் மாத்திரை எடுக்கும் மகனைப் பார்த்து வெட்கப்படும் பெற்றோர் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவன் மாத்திரை எடுக்கிறான் என்றால் இருக்கிறான் என்று பொருள் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

இப்போது தங்கள் நாளிதழுக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகள் அவை 1987இல் அறிவித்த ஜூன் 26, போதைப்பொருளுக்கு எதிரான நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைய இதழில் ஊர்வலப் படங்களும் உறுதிமொழிப் படங்களும் வருகின்றன. மற்ற நாட்களில் இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது என்ற செய்திகள் வருகின்றன. கடத்துகிறவர்களைப் பிடிப்பது தேவைதான். அதை எழுதுவதும் தேவைதான். ஆனால் பயன்படுத்துகிறவரையும் கடத்துகிறவரையும் 'போதை ஆசாமி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறீர்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017இலேயே தன் செய்தியாளர்களுக்கான நடைவிதிகளைத் திருத்தி, நோயைக் கொண்டு மனிதரைப் பெயரிட்டு அழைப்பதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. இது வெறும் சொல் நாகரிகம் பற்றிய பேச்சல்ல. அந்தப் பெயர் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் குடும்பங்கள் ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்குகின்றன. உடனிருந்த நண்பன் ஓடிப்போவதும் அதனால்தான். 2017இல் கனடா, உயிருக்குப் போராடுபவருக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீதும் உடனிருப்பவர் மீதும் போதைப்பொருளைக் கையில் வைத்திருந்ததற்காக வழக்குத் தொடராமல் காக்க ஒரு சட்டமே கொண்டுவந்தது. பயம் எத்தனை பேரைக் கொன்றிருந்தால் ஒரு நாடு இப்படியொரு சட்டம் இயற்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2022ஆம் ஆண்டுக்கான ஐ.நா.வின் கணக்குப்படி உலகில் 6 கோடியே 40 லட்சம் பேர் போதைப்பொருள் பழக்கத்தால் நோய்ப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பதினொருவருக்கு ஒருவர்தான் சிகிச்சை பெறுகிறார். மீதிப் பத்துப் பேரின் வீடுகளிலும் செய்தித்தாள் படிக்கிறவர் ஒருவர் இருக்கக்கூடும். தற்கொலைச் செய்திகளின் கீழே உதவி எண்ணை அச்சிடும் நல்ல வழக்கத்தைப் பல இதழ்கள் கடைப்பிடித்து வருகின்றன. அதுபோலவே போதையால் நேர்ந்த சாவு பற்றிய ஒவ்வொரு செய்தியின் கீழும், எழுப்பினால் எழாதவர் உறங்கவில்லை என்பதையும், சிகிச்சையிலிருந்து திரும்பிய முதல் வாரங்களில் பழைய அளவு கொல்லும் என்பதையும், யாரை அழைக்க வேண்டும் என்பதையும் நான்கு வரிகளில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; மருத்துவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து வெளியிடுங்கள். கிலோ கணக்கு எழுதும் இடத்தில் ஒரு விரற்கடை போதும்.

கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிடுங்கள். என் தம்பி மகள் பள்ளியில் படிக்கிறாள். அப்பா உறக்கத்தில் இறந்துவிட்டார் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். பெரியவளானதும் உண்மையை நானே அவளிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி